வீட்டுக்குப் போய் வந்த ஏணி

அந்தக் கம்பெனியில் டிசைன் பிரிவு என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கும் அது எதற்கு என்று தெரியாது. மாடிப்படி முடிகிற இடத்தில், கழிவறைக்கு முந்தின அறை. உள்ளே நான்கு மேசைகள், ஒரு பெரிய ஜன்னல், சுவர் முழுக்க மடக்கு ஏணிகளின் படங்கள். கதவில் ‘டிசைன்’ என்று பலகை மாட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு புண்ணியவான் பென்சிலால் ‘பெயின்ட் கடை’ என்று எழுதி வைத்திருந்தான்.

அந்த அறையின் தலைவிக்குக் கம்பெனி வைத்த பெயர் கலர் மேடம். ஏணி செய்து, பெட்டி அடித்து, விலை போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் மாடிக்கு ஆள் வரும். “மேடம், இதுக்கு என்ன கலர் அடிக்கலாம்?” அதுதான் அவளிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி. வடிவமைப்பு படித்து, வெளியே பெரிய இடத்தில் நல்ல வேலையில் இருந்தவள் அவள். அதை விட்டுவிட்டு, நீலமா பச்சையா என்று சொல்லவா இங்கே வந்தாள்? வயிறு எரியுமா எரியாதா?

முதலாளி வேறு யாருமில்லை, அவளுடைய தாய்மாமா. விற்பனைப் பிரிவின் தலைவி கூடப் பிறந்த அக்கா. அந்த அக்காதான் மாமாவிடம் போய், “தங்கச்சியைக் கூப்பிடுங்க, நான் பொறுப்பு” என்று சொல்லி அவளை வரவழைத்தது. சொந்தக்காரக் கம்பெனி என்றால் மெத்தையில் நடக்கிற மாதிரி என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் வேலை பார்த்துப் பார்க்கட்டும். வெளியாள் திட்டினால் திட்டு ஆபீஸோடு போகும். மாமா திட்டினால் அது சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூடவே வரும்.

அந்தக் கம்பெனியின் ஏணிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பலம் என்றால் அப்படி ஒரு பலம். யானை ஏறினாலும் தாங்கும். ஆனால் வீட்டில் எந்த யானை பல்பு மாட்டுகிறது? ஏறுகிறவர்கள் மனிதர்கள். அவர்களில் பாதிப் பேரால் அதைத் தூக்கவே முடியாது. வெளியிலிருந்து லேசான ஏணிகள் வந்து இறங்க ஆரம்பித்ததும், கடைகளில் இவர்கள் ஏணி பின்வரிசைக்குப் போனது. அப்போதுதான் கலர் மேடம் மாமாவின் முன்னால் போய் நின்று, “ஒரே ஒரு ஏணி நான் வரையறேன் மாமா” என்று கேட்டாள். மாமாவும் ஏதோ நல்ல மனநிலையில் இருந்தார். “வரை” என்றார்.

அவள் வரைந்தது ஒற்றைக் கை ஏணி. வீட்டில் ஏணி எடுக்கிறவர்களின் ஒரு கை சும்மா இருப்பதே இல்லை. பல்பு இருக்கும், துடைக்கிற துணி இருக்கும், இடுப்பில் குழந்தை இருக்கும். அதனால் மேல்தட்டின் நடுவே, நான்கு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு நீளத் துளை வைத்தாள். அதற்குள் கைவிட்டால் உள்ளே ஒரு நெம்புகோல் விரலில் படும். அதை இழுத்தால் ஒரு ஸ்பிரிங் விசையில் ஏணி தானாக மடியும். மடிந்த ஏணியை அதே துளையில் பிடித்துப் பை மாதிரி தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஏறும்போது பிடித்துக்கொள்ளவும் அதே துளைதான். அந்த ஏணிக்கு உயிர் என்று ஒன்று இருந்தால் அது அந்தத் துளையில்தான் இருந்தது.

ஆனால் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வரைபடமும் பிரிவு பிரிவாகச் சுற்றி வரவேண்டும். வரைந்தவர் முதல் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். பிறகு ஒவ்வொரு பிரிவும் ‘சின்னத் திருத்தம்’ ஒன்றைச் செய்து, தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடும். சுற்று முடிந்ததும் வரைபடம் நேராக உற்பத்திக்குப் போகும். வரைந்தவளுக்குத் திரும்பி வராது. ஏன் வரவேண்டும்? அவள்தான் முதலிலேயே கையெழுத்துப் போட்டாயிற்றே!

ஏணி கடைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. தொழிற்சாலை முற்றத்தில் சுவர் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்த ஏணிகளைப் பார்த்துவிட்டு மாமா மேலே வந்தார். முகம் கடுகடு என்று இருந்தது.

“டிசைன் சரியில்லை,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ‘டிசைன்’ என்று பலகை மாட்டிய அறை ஒன்றுதானே இருந்தது!

மறுநாள் குடோன்காரர் வந்து கதவைத் தட்டினார். நல்ல மனுஷன், முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு தரையைப் பார்த்தே பேசினார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. முதலாளி சொன்னாரு. இந்த ரூமை இனிமே நம்ம குடோனுக்கு எடுத்துக்கச் சொல்லிட்டாரு. காலி அட்டைப்பெட்டி வைக்க இடமே இல்லை. இப்போதைக்கு ஒரு மூலையில கொஞ்சம் வச்சுக்கட்டுமா?”

“நாங்க எங்கே போறது?”

“அது எனக்கு எப்படித் தெரியும் மேடம்? விளம்பரத்துல ரெண்டு பேரைச் சேர்த்துப்பாங்கன்னு பேச்சு. நீங்க முதலாளி வீட்டுப் பொண்ணு. உங்களுக்கென்ன?”

அட்டைப்பெட்டிகள் ஒரு மூலையில் ஏறி உட்கார்ந்தன. அவளிடம் வேலை பார்த்த மூன்று பேரும் அவற்றைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். அவர்களையும் நல்ல வேலைகளிலிருந்து பேசி இழுத்து வந்தது அவள்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

அழுது தீர்க்கலாம், இல்லை எழுந்து போய்ச் சண்டை போடலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. முற்றத்துக்கு இறங்கி, திரும்பி வந்த ஏணிகளில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. ‘இவ்வளவு கனமாகவா நான் வரைந்தேன்?’ மாமாவின் அறையில் வாராந்தரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நேரே உள்ளே போய் மேசை மேல் ஏணியைப் போட்டாள். போட்ட சத்தத்தில் டீ கிளாஸ்கள் ஆடின.

“என்னம்மா இது?” என்றார் மாமா.

“அதைத்தான் நானும் கேக்க வந்தேன் மாமா. இது என்ன? இதுல என்னோடது எது?”

உற்பத்தி மேனேஜருக்குக் கம்பெனியில் இரும்பண்ணன் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் அதில் இன்னும் கொஞ்சம் இரும்பு சேர்த்தால் நல்லது என்பது அவர் கொள்கை. அவர் பெருமையோடு முன்னால் குனிந்தார். “இதோ, இந்தக் குறுக்குக் கம்பி நான் போட்டது. நீங்க வரைஞ்சது நோஞ்சானா இருந்துச்சு. ஒருத்தன் விழுந்தான்னா யாரு பதில் சொல்றது?”

கொள்முதல் அதிகாரியைப் பேரம் சார் என்பார்கள். பிச்சைக்காரனிடமும் சில்லறை மீதி கேட்பார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. “ஸ்பிரிங் என்னுது,” என்றார் அவர். “நீங்க எழுதினது ரொம்ப விலை. அதே மாதிரி இருக்கிறது பாதிக்குக் கிடைச்சுது. கம்பெனிக்கு லாபம்தானே?”

அக்கா காதிலிருந்து போனை எடுக்காமலே ஏணியின் மேல்தட்டைத் தட்டிக் காட்டினாள். அங்கே துளையை முழுக்க மூடிக்கொண்டு கம்பெனியின் பெயர் தடித்த ஸ்டிக்கராகப் பளபளத்தது. “பேரு தெரிய வேணாமாடி? அதுதான் இருக்கிறதுலயே நல்ல இடம். அங்கே ஒரு ஓட்டை வேற போட்டு வச்சிருந்தே. மறைச்சு விட்டேன்.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஒருவர் முகத்திலும் குற்றவுணர்ச்சி இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொருவரும் நல்லதுதான் செய்திருந்தார்கள். நல்லது நல்லதாகச் சேர்ந்து, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது. அதைப் பார்த்ததும் கலர் மேடத்தின் கோபம் சட்டென்று வடிந்துவிட்டது. தவறு ஆளில் இல்லை, சுற்றில் இருக்கிறது. முழு ஏணியை யாருமே பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு துண்டைத்தான் பார்த்தார்கள்.

“மாமா, மாசக் கடைசியில அந்தப் பெரிய கடையிலேர்ந்து ஆள் வர்றாங்க இல்ல?”

வருகிறார்கள் என்பது கம்பெனி முழுக்கத் தெரியும். நாடெங்கும் கிளை வைத்த கடை அது. தன் எல்லாக் கிளைகளிலும் விற்க ஒரே ஒரு மடக்கு ஏணியைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. கிடைத்தால் கம்பெனி நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மாமா எந்திரங்களை விற்பதைப் பற்றி யோசிக்கவேண்டும்.

“அதுக்கு?”

“அதுக்குக் காட்ட இந்த ஏணியைச் சரிபண்ணித் தரேன். ரெண்டே ரெண்டு விஷயம் கொடுங்க. என் கையெழுத்து இப்போ முதல் கட்டத்துல இருக்கு. அதைக் கடைசிக் கட்டத்துக்கு மாத்துங்க. எல்லாரும் பார்த்தப்புறம் நான் பார்க்கணும். நான் போடாம ஏணி வெளியே போகக் கூடாது.”

“ரெண்டாவது?”

“யாரு எதை மாத்தணும்னாலும் மாத்தட்டும். நான் தடுக்க மாட்டேன். ஆனா மாத்தின ஏணியை அவங்களே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். வீட்ல இருக்கிறவங்க ஏறி இறங்கிப் பார்க்கணும். மறுநாள் அவங்களே தூக்கிட்டு வரணும். அப்பவும் அந்த மாத்தம் வேணும்னு சொன்னாங்கன்னா, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்.”

பேரம் சார் களுக்கென்று சிரித்துவிட்டார். இரும்பண்ணன், “இதென்ன கம்பெனியா, கல்யாண வீடா, சாமான் தூக்கிட்டுப் போக?” என்றார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் போக்கிடம் இல்லை என்பதுதான் உண்மை.

“சரி,” என்றார். “இந்த ஒரு ஏணிக்கு மட்டும். கடைக்காரங்க வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா அன்னிக்கே அந்த ரூம் குடோன். அப்புறம் எங்கிட்ட வந்து மாமா மருமகள்னு நிக்கக் கூடாது.”

“நிக்க மாட்டேன்.”

வெளியே வந்ததும் அக்கா அவளைப் படிக்கட்டில் ஓரங்கட்டினாள். “உனக்கென்ன பைத்தியமா? உனக்காக நான் பொறுப்பு ஏத்திருக்கேன். நீ போய் எல்லாரையும் ஏணி சுமக்கச் சொல்றே! என்னையும் சேர்த்துத்தான் சொல்றியா?”

“உன்னையும் சேர்த்துத்தான்.”

“நான் விக்கிறவ. தூக்குறவ இல்லை,” என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த போனை எடுத்தாள்.

முதலில் மாட்டியது இரும்பண்ணன். குறுக்குக் கம்பி இல்லாமல் அந்த ஏணி வெளியே போனால் தன் பிணத்தைத் தாண்டித்தான் போகும் என்று சவால் விட்டவர், தன் கம்பி போட்ட ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் ஏணிக்கும் டிக்கெட் கேட்டான் என்பது கம்பெனி முழுக்கப் பரவிய செய்தி. அவர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலையில் அவர் வந்தபோது நடையே வேறு மாதிரி இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே பட்டறைக்குள் போய், அறுக்கிற மிஷினைப் போட்டு, தானே அந்தக் கம்பியை அறுத்து எறிந்தார்.

கலர் மேடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார். “என் பொண்டாட்டி ரெண்டு படி தூக்கிட்டுக் கீழே வச்சுட்டா. ‘இதைச் செஞ்ச ஆளு வீட்டுக்கு வந்து எனக்குப் பரண் சுத்தம் பண்ணித் தருவானா’ன்னு கேட்டா. செஞ்ச ஆளு நான்தான்னு சொல்லலாம்னு பார்த்தேன். வாயே வரலை.”

“அப்போ பலம்?”

இரும்பண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “பலம் குறையும்னு யாரு சொன்னா? படியோட ஓரத்தை உள்பக்கமா மடிச்சுவிட்டா போதும். தகடு அதேதான், கனம் ஏறாது, வளையாது. நாளைக்குப் பாருங்க.”

மறுநாள் பார்த்தாள். வளையவில்லை. அவள் வரைந்ததைவிட அது நன்றாக இருந்தது. ஒளிக்காமல் அதை அவரிடமே சொன்னாள். அந்த மனுஷனை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பட்டறையில் எல்லாருக்கும் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்தது பேரம் சார். மலிவு ஸ்பிரிங் போட்ட ஏணியை, “இதுல என்ன இருக்கு?” என்று அலட்சியமாக எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் மாமியார் வந்திருந்தார். சமையலறை வாசலில் ஏணியை விரித்து, மேலே இருந்த ஒரு டப்பாவை எடுத்தார். எடுத்தது சுலபமாக முடிந்தது. அப்புறம்தான் வினை. ஸ்பிரிங் இழுத்த இழுப்பில் தளர்ந்துபோய், ஏணி மடிய மறுத்துவிட்டது. மாமியார் இழுத்தார், மனைவி இழுத்தார், பேரம் சார் காலைக் கொடுத்து உதைத்தார். சமையலறைக்குள் இருந்த சாப்பாட்டை ஏணியின் படிகளுக்கு இடையே கைமாற்றி வெளியே வாங்கிச் சாப்பிட்டது அந்தக் குடும்பம். மாமியார் கை கழுவிக்கொண்டே, “மாப்பிள்ளை கம்பெனிச் சாமான் விரிச்சா விரிச்சதுதான் போல,” என்று ஒரு வார்த்தை சொன்னாராம். ஒரே வார்த்தை. பேரம் சாருக்குத் தூக்கம் போய்விட்டது.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? காலையில் முதல் ஆளாக மாடி ஏறி வந்தார். “மேடம், நீங்க எழுதின ஸ்பிரிங் எந்தக் கடைன்னு சொல்லுங்க. நான் போய் உட்காரறேன். நல்ல ஸ்பிரிங்கை நல்ல விலைக்கு வாங்காம வரமாட்டேன்.” சொன்னபடி வாங்கியும் வந்தார். எப்படிப் பேசினார் என்று கேட்காதீர்கள். அந்த ஸ்பிரிங் வியாபாரி பிறகு இவர் குரலைப் போனில் கேட்டாலே வைத்துவிடுகிறார் என்று கேள்வி.

மிச்சம் அக்கா ஒருத்திதான். ஸ்டிக்கர் மேலேதான் இருக்கவேண்டும் என்று நின்றாள். ஏணியைத் தூக்கவும் மாட்டேன் என்றாள். கடைசியில் தங்கை ஏணியைக் கொண்டுபோய் அக்காவின் கார் பின்சீட்டில் போட்டுவிட்டு வந்தாள். அக்கா திட்டிக்கொண்டே ஓட்டிக்கொண்டு போனாள்.

காலையில் அக்கா வந்தபோது ஸ்டிக்கர் நார்நாராகக் கிழிந்து தொங்கியது. “என்ன ஆச்சு?” என்றாள் தங்கை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“ரொம்பச் சிரிக்காதே. வீட்ல லைட் போயிருச்சு. மாத்திட்டு மடக்கலாம்னா ஒரு கையில போன். அந்தப் பக்கம் பெரிய கஸ்டமர், வைக்க முடியாது. இன்னொரு கைக்கு ஏணியில பிடியே இல்லை. நான் போட்ட ஸ்டிக்கரை நானே நகத்தால கிழிச்சேன்டி. பேசிக்கிட்டே கிழிச்சேன். உள்ளே கையை விட்டேன், சட்டுன்னு மடிஞ்சிருச்சு.” ஏணியை ஒரு தட்டுத் தட்டினாள். “இதை வச்சே வித்துருவேன். பேரைக் காலடியில போட்டாலும் எனக்கு விக்கத் தெரியும்.”

அன்றைக்கு மாலை கலர் மேடம் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றன. குடோன்காரர் மேல் தப்பில்லை. அவருக்கு வந்த உத்தரவு அது.

மாசக் கடைசியும் வந்தது. கடையிலிருந்து வந்த அம்மாள் நரைத்த தலையும் தட்டையான செருப்புமாக, பேச்சைக் காசு போல எண்ணிச் செலவழிக்கிறவராக இருந்தார். மாமா மேசை மேல் ஒரு ஏணியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். இரும்பண்ணன் குறுக்கே வந்தார். “அதை விடுங்கம்மா. கீழே வாங்க. அடுக்கி வச்சிருக்கோம், எதை வேணும்னாலும் உருவுங்க.”

அந்த அம்மாள் நடு அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். விரித்தார். கைப்பையைத் தோளில் மாட்டியபடியே மேல்படி வரை ஏறி, அங்கே நின்றுகொண்டு ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார். இறங்கி, துளைக்குள் கைவிட்டு இழுத்தார். ஏணி மடிந்தது. திரும்ப விரித்தார், திரும்ப மடக்கினார். எல்லார் மூச்சும் அந்தத் துளைக்குள்தான் இருந்தது.

“நல்லா இருக்கு,” என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது. “ஒரே ஒரு மாத்தம். எங்க கடையில விக்கிற எதுவா இருந்தாலும் மேல்பக்கம் நடுவுல எங்க முத்திரைத் தகடு இருக்கணும். இந்த ஓட்டை இருக்கிற இடத்துல அதைப் பதிச்சுடுங்க. கைப்பிடியை எங்கேயாவது பக்கத்துல வச்சுக்கலாம்.”

“தாராளமா!” என்றார் மாமா. கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

எல்லாரும் கலர் மேடத்தைப் பார்த்தார்கள். சரி என்று தலையாட்டினால் ஆர்டர் கிடைக்கும். அறை தப்பும். அவளை நம்பி வந்த மூன்று பேர் தப்புவார்கள். அவ்வளவும் ஒரு தலையாட்டலில் இருந்தது. ஆனால் போன தடவை முற்றத்தில் சுவர் உயரத்துக்கு நின்றதும் துளை மூடிய இதே ஏணிதான். அந்தத் துளையைப் பக்கவாட்டில் வைத்தால் ஏணி ஒரு பக்கமாகச் சாயும், நெம்புகோல் எட்டாது. அதை எத்தனையோ முறை செய்து பார்த்துத்தான் நடுவுக்குக் கொண்டு வந்திருந்தாள்.

“அதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, மாமா,” என்றாள்.

வெளியாள் முன்னால் அவரை மாமா என்று அவள் கூப்பிட்டதே இல்லை. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. “நீ மேலே போம்மா. நாங்க பேசிக்கறோம்.”

“கடைசிக் கையெழுத்து என்னுதுன்னு நீங்கதான் கொடுத்தீங்க. நான் போடாம இது வெளியே போகாது. அந்த ரூமை இப்பவே எடுத்துக்குங்க, பரவாயில்லை. இந்த ஓட்டையை மூடாதீங்க.”

சொல்லிவிட்டாள். முடிந்தது கதை என்று அவள் நினைத்த அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க,” என்றார் இரும்பண்ணன், வந்த அம்மாளைப் பார்த்து. “மாத்தலாம். யாரு வேணும்னாலும் மாத்தலாம். ஆனா இங்கே ஒரு வழக்கம் இருக்கு. மாத்தம் கேட்டவங்க ஏணியை ஒரு நாள் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும்.”

“நான் தூக்கினேன்,” என்றார் பேரம் சார். “எங்க மாமியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

அக்கா காதிலிருந்து போனை எடுத்தாள். கம்பெனியில் அது அபூர்வமான காட்சி. “நானும் தூக்கினேங்க. அந்த இடத்துல பேரு ஒட்டணும்னு முதல்ல சண்டை போட்டது நான்தான். ஒட்டினதைக் கிழிச்சதும் நான்தான்.”

அந்த அம்மாள் ஒவ்வொருவராகப் பார்த்தார். சிரித்தாரா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு முகம். “சரி, மூடிக் கொடுங்க,” என்றார். இரும்பண்ணன் துளையின் மேல் ஒரு தகட்டை அழுத்தி ஒட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடியும் திருகிக் கொடுத்தார். ஏணி அவர் காரில் ஏறிப் போனது.

மாலையில் குடோன்காரர் இன்னும் ஒரு சுமை அட்டைப்பெட்டியோடு வந்தார். “மன்னிச்சுக்குங்க மேடம்,” என்று சொல்லி ஜன்னலின் மீதிப் பாதியையும் மறைத்தார்.

மறுநாள் காலையில் எல்லாரும் அந்த அறைக்குத்தான் வந்தார்கள், கூப்பிடாமலே. அக்கா இரண்டு பெட்டிகளை நகர்த்தி ஜன்னலில் ஒரு சந்து உண்டாக்கினாள். கார் வந்து நின்றது. அந்த அம்மாள் இறங்கினார். ஒரு கையில் கைப்பை. இன்னொரு கையில் ஏணி.

“எப்படிப் பிடிச்சிருக்காங்க பாரு!” என்று கத்தினார் இரும்பண்ணன்.

நடுத் துளையில் நான்கு விரலையும் விட்டு, பை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார் அந்த அம்மாள். தகட்டைக் காணோம். அவர் வாசற்படி ஏறி வாய் திறப்பதற்கு முன்பே பட்டறையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. அக்கா தங்கையைக் கட்டிப் பிடித்த பிடியில் அவளுக்கு எலும்பு நொறுங்கியது போல இருந்தது. கண்ணீர் வந்தது, அவள் துடைக்கவில்லை. எதற்குத் துடைக்கவேண்டும்? ஜெயித்தவள் அழுதால் யார் கேட்பது?

அந்த அம்மாள் மாமாவின் மேசை மேல் தகட்டை வைத்தார். அது நெளிந்திருந்தது. “என் பொண்ணு ஸ்பூனால நெம்பி எடுத்துட்டா. முத்திரையைக் காலடியில வைங்க, முதுகுல வைங்க. அந்த நடு ஓட்டையை மட்டும் மூடாதீங்க.” பிறகு சொன்னதுதான் பெரிது. எல்லாக் கிளைகளுக்கும் அந்த ஏணிதான். “இதை டிசைன் பண்ணது யாரு?”

“நாங்கதான்,” என்றார் இரும்பண்ணன். “ஸ்பிரிங் நான்,” என்றார் பேரம் சார். “அந்த ஸ்டிக்கர் இல்லாம இருக்கே, அது நான்,” என்றாள் அக்கா. கலர் மேடம் தலையாட்டினாள். அவளுக்கு அதைவிடப் பெரிய பதில் தேவைப்படவில்லை. மாமா அவளைப் பார்த்தார்.

மத்தியானம் மாடியில் ஒரே சத்தம். “யாரைக் கேட்டு இந்தப் பெட்டியையெல்லாம் இங்கே ஏத்தினீங்க? மனுஷங்க வேலை பார்க்கிற இடமா இது?” என்று மாமா குடோன்காரரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். குடோன்காரர் பாவம், “நீங்கதானே முதலாளி...” என்று ஆரம்பித்து, பிழைக்கத் தெரிந்த மனுஷனாதலால் நிறுத்திக்கொண்டார். மாமாவே ஏணியை விரித்து, மேலே ஏறி, உச்சிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். ஜன்னல் திறந்தது. வெளிச்சம் நான்கு மேசைகளிலும் விழுந்தது.

இறங்கினவர் துளைக்குள் கைவிட்டார். ஏணி மடிந்தது. இத்தனை நாள் ஏணி விற்ற மனுஷன், அன்றைக்குத்தான் அதைத் தன் கையால் மடக்குகிறார் போல. இன்னொரு தடவை விரித்து மடக்கினார்.

“எல்லாம் சரி. இன்னும் வெறும் தகடா இருக்கே. இதுக்கு என்ன கலர் அடிக்கிறது?”

அறையே கொல்லென்று சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு, முதலாளியைப் பார்த்து, மாமாவிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க மாமா. அத்தைகிட்ட கொடுங்க. காலைல பேசிக்கலாம்.”

மாமா மறுபேச்சுப் பேசாமல் ஏணியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.